கராஜ் கதவை நாங்களே மாற்றுவதா, ஆள் பிடிப்பதா? திருகோணமலை வீட்டுக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் டச்சுக்குடா, வடக்கே உப்புவெளி, நிலாவெளி என்று கரை நீண்டுகொண்டே போகிறது. ஆகவே கார் விடும் இடத்துக்குப் போட்ட கதவு இங்கே சீக்கிரம் கறள் பிடிக்கிறது, அதன் ஓரம் ஓடும் சனலில் (பக்கக் காடியில்) இறுகுகிறது, ஒரு நாள் பாதியில் நின்றுவிடுகிறது. அப்போது வீட்டில் எழும் கேள்விகள் இவை. புதிதாக வீடு கட்டுபவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். நானே செய்யலாமா, கூடாதா?

பாதி செய்யலாம். கதவு மாற்றுவது ஒரே வேலைபோலத் தெரிந்தாலும் உள்ளே பல வேலைகள் இருக்கின்றன. அளவெடுப்பது, சுவரையும் தரையையும் சரிசெய்வது, பொருளைத் தெரிவு செய்வது, கீழ்ப்பட்டி இறப்பர் மாற்றுவது, பெயின்ற் அடிப்பது, கழுவிப் பராமரிப்பது எல்லாம் கைப்பழக்கம் உள்ள எவருக்கும் முடியும். ஸ்பிரிங், தலைக்கு மேல் தூக்கிப் பூட்டும் உருளை, மோட்டருக்கான நிரந்தர மின்னிணைப்பு ஆகிய மூன்றையும் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள். இந்த மூன்றிலும் பிழை நடந்தால் திருத்திக்கொள்ள இரண்டாவது தடவை கிடைக்காமல் போகலாம். அதனால்தான் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

எந்த வகைக் கதவுக்கும் இதே பதில்தானா?

இல்லை. இரண்டாகத் திறக்கும் பிணைச்சல் வைத்த இரும்புக் கதவு என்றால் வெல்டிங் தெரிந்த ஒருவரும் தூக்கிப் பிடிக்க இரண்டு பேரும் போதும். தள்ளித் திறக்கும் கதவும் அப்படித்தான். தரைத் தண்டவாளம் நேராக இருக்க வேண்டும், கதவு கடைசி வரை ஓடி வெளியே விழாமலிருக்க இரு முனையிலும் தடுப்பு இருக்க வேண்டும். தடுப்பில்லாத தள்ளுகதவு சாய்ந்து விழுந்தால் ஆளைக் கொல்லும் பாரம். அதை மட்டும் மறக்க வேண்டாம்.

மேலே சுருளும் ரோலர் கதவும், பலகை பலகையாக மடிந்து கூரைக்குக் கீழே போகும் கதவும் வேறு இனம். இரண்டிலும் பாரம் தலைக்கு மேல் நிற்கிறது. இனி வரும் பதில்கள் பெரும்பாலும் ரோலர் கதவைப் பற்றியவை, இங்கே அதிகம் இருப்பது அதுதான்.

ஸ்பிரிங்கில் அப்படி என்ன ஆபத்து?

கையால் தூக்கும் ரோலர் கதவு இலேசாக மேலே போவது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். கதவின் பாரம் குறையவில்லை. உருளைக்குள் முறுக்கி வைத்த ஸ்பிரிங் அந்தப் பாரத்தைத் தன் பங்குக்குத் தூக்குகிறது. கதவை நீங்கள் கீழே இழுக்கும்போது ஸ்பிரிங் முறுகிச் சக்தியைச் சேமிக்கிறது, மேலே விடும்போது திருப்பித் தருகிறது.

அந்தச் சக்தியைக் கணக்கிடுவது கடினமல்ல. 8 அடி உயரத்தில் 60 கிலோ கதவு என்றால், அதன் பாரத்தின் நடுப்புள்ளி சராசரியாக 4 அடி உயர்கிறது. 50 கிலோ சீமெந்து மூட்டை ஒன்றை நாலடி உயரத்திலிருந்து காலில் போட்டால் வருவதைவிடக் கூடிய சக்தி, மூடிய கதவின் ஸ்பிரிங்கில் முறுக்கேறி நிற்கிறது. பிடி தவறினால் அது ஒரு கணத்தில் வெளியே வரும். கையிலிருக்கும் ரெஞ்ச் சுழன்று மணிக்கட்டிலோ முகத்திலோ அடிக்கும். ஏணியில் நிற்பவர் விழுவார். விரல், பல், கண் போன சம்பவங்கள் உலகம் முழுக்க இந்தத் தொழிலில் தெரிந்தவை.

கறள் இதை மோசமாக்குகிறது. மடியும் கதவுகளின் ஸ்பிரிங் பொதுவாக 10,000 தடவை ஏறி இறங்கும் என்று கணக்கிட்டுச் செய்யப்படுவது. நாளுக்கு நாலு தடவை என்றால் ஏழு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. கறள் கட்டிய கம்பியில் சிறு குழிகள் விழும். வெடிப்பு அங்கேதான் தொடங்கும். ஆகவே இங்கே அந்தக் கணக்கை முழுதாக நம்ப முடியாது.

ஆட்கள் கழற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டார்களே?

அவர்கள் செய்த ஒழுங்கைக் கவனித்திருந்தால் அந்த அரை மணித்தியாலத்தின் பெறுமதி தெரியும். கதவை முழுதாக மேலே ஏற்றுகிறார்கள், ஏனென்றால் அப்போதுதான் ஸ்பிரிங்கின் இறுக்கம் மிகக் குறைவு. சுருள் அவிழாமல் இரண்டு மூன்று இடத்தில் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறார்கள். நடுக்குழாயைப் பெரிய பைப் ரெஞ்சால் ஒருவர் அசையாமல் பிடிக்க, மற்றவர் அந்தக் குழாயை இடத்தில் பிடித்து வைக்கும் யூ போல்ட்டைத் தளர்த்துகிறார். எஞ்சிய இறுக்கத்தைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று விட்டு விட்டு இறக்குகிறார்கள். பிறகுதான் உருளை கீழே வருகிறது, அதுவும் இரண்டு ஏணியில் இரண்டு பேரும் கீழே ஒருவரும் நின்று.

வீட்டில் செய்பவர் வழக்கமாகத் தவறும் இடம் கயிறு கட்டாமல் போல்ட்டைத் தொடுவது. அடுத்தது, ஸ்பிரிங் ஒன்று ஏற்கெனவே உடைந்து கதவு பாதியில் நிற்கும்போது கழற்றப் போவது. அந்த நிலையில் எந்தப் பக்கம் எவ்வளவு இறுக்கம் இருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. கதவு பாதியில் நின்றால் கீழே ஒருவரும் போகாமல் பார்த்து, இரண்டு பக்கமும் மரக் குற்றியால் முண்டு கொடுத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

கனடாவில் தம்பி தன் வீட்டுக் கதவைத் தானே மாற்றியிருக்கிறான். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

அங்கே கிடைப்பது வேறு பொருள். வட அமெரிக்க வீடுகளில் உள்ளது பெரும்பாலும் நாலைந்து பலகைகளாக மடியும் கதவு. கதவு நிற்கும் சுவர்த் திறப்பின் அளவுகள் ஊர் முழுக்க ஏறக்குறைய ஒன்று. பெட்டியில் கதவும், எண்ணிட்ட துண்டுகளும், படத்தோடு விளக்கமும் வரும். சுவரின் உள்ளே மரச் சட்டம் இருப்பதால் திருகாணி நேராகப் பிடிக்கும். அப்படியிருந்தும் மேல் ஸ்பிரிங்கை மட்டும் தொழிலாளியிடம் விடுங்கள் என்றுதான் அங்குள்ள தயாரிப்பாளர்களே எழுதுகிறார்கள். 7 அடிக் கதவுக்கு அந்த ஸ்பிரிங்கை ஏழரைச் சுற்று வரை முறுக்க வேண்டும், அதற்கென உள்ள இரண்டு உருக்குக் கம்பிகளால் மாறி மாறி. ஸ்குரூ டிரைவரைச் செருகி முறுக்கப் போனவர்கள்தான் அடிபடுகிறார்கள்.

இங்கே நம் வீட்டுத் திறப்பு மேசன் கட்டியபடி இருக்கும். கதவு அந்த அளவுக்கு வெட்டி வரும். சுவர் சீமெந்துக்கல். தம்பியின் அனுபவம் உண்மையானதுதான், ஆனால் அது அந்த வீட்டுக்கு உரியது.

தம்பி அங்கிருந்து ஒரு மோட்டரும் கொண்டுவந்து தருகிறேன் என்கிறான்…

வேண்டாம் என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். மின்மாற்றி போட்டால் வோல்ட் இறங்கும், ஹேர்ட்ஸ் மாறாது. 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த சாதாரண மோட்டர் 50 ஹேர்ட்ஸில் ஆறிலொரு பங்கு மெதுவாக ஓடும், கூடச் சூடாகும். பழுதானால் உதிரிப்பாகமும் இங்கே கிடைக்காது.

சுவரைப் பற்றிச் சொன்னீர்கள். அது அவ்வளவு முக்கியமா?

கதவைவிட முக்கியம் என்றே சொல்வேன். ரோலர் கதவின் முழுப் பாரமும் மேலே இரண்டு பிராக்கெட்டில் தொங்குகிறது. காற்று தள்ளும் விசை முழுதும் இரண்டு பக்கச் சனலில் இறங்குகிறது. இவை எதில் பூட்டப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள்.

நம் பக்கத்து வீடுகளில் கணிசமானவை உட்குழிவான சீமெந்துக்கல்லால் கட்டியவை. அந்தக் கல்லின் ஓடு ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம்தான். அதில் ரோல் போல்ட் அடித்தால் விரிந்து பிடிக்க உள்ளே ஒன்றும் இல்லை. இறுக்கும்போது பிடித்ததுபோல இருக்கும். கதவு ஓடும் அதிர்வில் நாளடைவில் துளை பெருத்து, ஒரு பக்கம் இறங்கும். பிராக்கெட் கொங்கிறீட் தூணிலோ லிண்டல் பீமிலோ பிடிக்க வேண்டும். தூண் இல்லாவிட்டால் புதுக் கதவுக்கு முன் இரண்டு பக்கமும் கம்பி வைத்துத் தூண் வார்த்துக்கொள்ளுங்கள், அல்லது தரையிலிருந்து எழும் இரும்புச் சட்டம் போட்டு அதில் பூட்டுங்கள். வார்த்த கொங்கிறீட்டைத் தண்ணீர் விட்டு ஆறவிட்டு, நான்கு கிழமை கழிந்த பிறகு துளையிடுவது நல்லது.

தட்டிப் பார்த்தாலே ஓரளவு தெரியும். வெற்று ஒலி வந்தால் குழிவு. சின்னத் துளையொன்று போட்டால் சந்தேகமே இராது. இந்தச் சோதனையை ஆள் வருவதற்கு முன் நீங்களே செய்து வைக்கலாம். மேசன் வேலை தெரிந்த உறவினர் இருந்தால் பணம் மிச்சப்படுவதும் இந்த இடத்தில்தான்.

அளவு எப்படி எடுப்பது?

அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில். உயரத்தை இரண்டு ஓரத்திலும் நடுவிலும். மூன்று எண்ணும் ஒன்றாக வராது; எல்லாவற்றையும் எழுதி வையுங்கள், கூட்டிக் குறைத்து ஒன்றாக்க வேண்டாம்.

பிறகு மூலைக்கு மூலை குறுக்களவு. 10 அடி அகலம், 8 அடி உயரம் என்றால் இரண்டு குறுக்களவும் 12 அடி 9½ அங்குலத்துக்குச் சற்றுக் கூட வர வேண்டும். இரண்டுக்கும் இடையே அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் திறப்பு கோணலாக இருக்கிறது. அதைச் சுவரில் திருத்த வேண்டும், கதவில் அல்ல. தூக்குக்குண்டு விட்டுத் தூண் நேராக நிற்கிறதா என்றும், மட்டக்குழாயில் தண்ணீர் விட்டுத் தரை ஒரே மட்டமா என்றும் பாருங்கள். லிண்டலுக்கு மேலே சுருள் நிற்க இடம் வேண்டும், வீட்டுக் கதவுகளுக்கு ஏறக்குறைய ஒன்றரை அடி. கூரை தாழ்வாக உள்ள கராஜில் பலர் இந்த ஓரிடத்தை மறந்து, கதவு வந்து இறங்கிய பிறகு தவிக்கிறார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் எவ்வளவு கவனமாக எடுத்தாலும் கதவு வெட்டுபவரையே வந்து கடைசி அளவு எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் அளவு ஒத்துப் பார்ப்பதற்கு. அவர் எடுத்த அளவில் பிழை வந்தால் பொறுப்பு அவருடையது. நீங்கள் கொடுத்த அளவில் பிழை வந்தால் வெட்டிய தகடு உங்களுடையது.

கடற்கரைக்கு எந்தத் தகடு தாங்கும்?

வெறும் இரும்புத் தகட்டை வாங்கிப் பெயின்ற் அடித்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். மடிப்புக்குள் பெயின்ற் போகாது, கறள் அங்கேதான் தொடங்கும். வாங்கத்தக்கவை இரண்டு. ஒன்று, துத்தநாகமும் அலுமினியமும் கலந்த பூச்சின் மேல் நிறம் சுட்ட உருக்குத் தகடு. மற்றது அலுமினியம். திருக்கடலூர், நிலாவெளிபோல அலை ஓசை கேட்கும் தூரத்தில் வீடு என்றால் அலுமினியத்துக்குச் செலவழிப்பதை நான் ஆதரிப்பேன். ஆனால் அலுமினியம் மெல்லியது, எளிதில் நெளியும், காற்றுக்கு வளையும். அகலமான திறப்புக்குத் தடித்த வகையாகவே பார்க்க வேண்டும்.

உருக்குத் தகடு என்றால் இரண்டு எண்ணைக் கேளுங்கள்: தடிப்பு எத்தனை மில்லிமீற்றர், பூச்சு சதுர மீற்றருக்கு எத்தனை கிராம். துத்தநாக அலுமினியப் பூச்சில் 150 கிராம் என்பது கேட்டு வாங்க வேண்டிய அளவு. கேஜ் கணக்கில் பேசினால் குழம்ப வேண்டாம், கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலிகிறது. உத்தரவாத அட்டையையும் முழுதாக வாசியுங்கள். கடலிலிருந்து குறித்த தூரத்துக்குள் இந்த உத்தரவாதம் பொருந்தாது என்ற வரி பல பூச்சுத் தகடுகளுக்கு இருக்கும். நம் ஊரில் அந்த வரிக்குள் விழாத வீடு எத்தனை?

தகட்டுக்குக் கொடுக்கும் கவனம் ஆணிக்குக் கிடைப்பதில்லை. நல்ல அலுமினியக் கதவைச் சாதாரண இரும்புத் திருகாணியால் பூட்டினால், உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் அரிப்பு வேகமாகும். துருவேறா உருக்கிலும் 304, 316 என்று இரண்டு தரம் கடையில் கிடைக்கும். 316 இல் மொலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைத் தாங்கும். 304 சில மாதத்தில் தேநீர்க் கறைபோல நிறம் மாறும். போல்ட் பத்திருபதுதான் தேவை, விலை வித்தியாசம் முழுக் கதவோடு பார்க்கையில் சிறிது.

இன்னொன்று, கதவுக்குப் பக்கத்தில் கிரைண்டர் பிடிக்க விடாதீர்கள். பறக்கும் இரும்புத் துகள் பூச்சில் பதிந்து, ஒரு மழைக்குப் பிறகு புள்ளி புள்ளியாகக் கறள் காட்டும். வெட்டிய ஓரமும் வெல்டிங் பட்ட இடமும் பூச்சை இழந்தவை. அன்றைக்கே துத்தநாகப் பெயின்ற் பூசச் சொல்லுங்கள்.

முழுக்க மாற்றத்தான் வேண்டுமா?

பல வீடுகளில் தேவையில்லை. கீழே இரண்டடி மட்டும் அரித்திருந்து, கதவு பட்டி பட்டியாகக் கோத்த வகையாக இருந்தால், அந்தப் பட்டிகளை மட்டும் பக்கவாட்டில் இழுத்து எடுத்துப் புதிது கோக்கலாம். ஒரே விரிப்பாக வரும் தகடு என்றால் அது முடியாது. கதவு கனமாகிவிட்டது என்றால் பெரும்பாலும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். சத்தம் போட்டால் சனலை முதலில் கழுவிப் பாருங்கள்.

பிராக்கெட்டோ உருளைக் குழாயோ அரித்திருந்தால் தாமதிக்காமல் மாற்றுங்கள்.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து தூக்கினால் உருளை வேலையையும் முடித்துவிடலாமே?

0.6 மில்லிமீற்றர் உருக்குத் தகடு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 4.7 கிலோ. 10க்கு 8 அடி என்றால் தட்டைத் தகடே 35 கிலோ. அலை அலையாக மடித்ததால் கூடும் தகடு, கீழ்ப்பட்டி, குழாய், ஸ்பிரிங் எல்லாம் அதற்கு மேல். பாரம் மட்டும் என்றால் தூக்கிவிடலாம். ஆனால் பத்தடி நீளச் சுருள் ஒன்றை இரண்டு ஏணியில் நிற்பவர்கள் தலைக்கு மேல் பிடித்தபடி மட்டம் பார்த்துப் பூட்ட வேண்டும். தொழிலாளர்கள் ஏறி நின்று வேலை செய்யப் பலகைச் சாரம் கட்டியோ சங்கிலித் தூக்கி கொண்டுவந்தோ செய்கிறார்கள். ஏணியை மட்டும் நம்பிச் செய்ய வந்தால், அவர்கள் தொழிலாளர்களாக இருந்தாலும் நிறுத்துங்கள்.

மோட்டர் போடலாமா? கரண்ட் போனால் என்ன செய்வது?

வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு மோட்டர் நல்ல துணை. ஆனால் முதல் பணத்தைத் தகட்டிலும் பிடிப்பிலும் போட்டுவிட்டு, மீதியில் மோட்டரைப் பாருங்கள். மோட்டரைப் பின்னாலும் சேர்க்கலாம், மெல்லிய தகட்டைப் பின்னால் தடிப்பாக்க முடியாது. பின்னர் சேர்க்கும் எண்ணம் இருந்தால் குழாயும் பிராக்கெட்டும் அதற்கேற்றபடி வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குழாயின் நடுவில் பூட்டும் மோட்டர் ஸ்பிரிங்கோடு சேர்ந்து வேலை செய்யும். பக்கவாட்டில் சங்கிலியோடு வரும் மோட்டர் பெரும்பாலும் ஸ்பிரிங் இல்லாமல் முழுப் பாரத்தையும் தானே தாங்கும். சங்கிலியோ பல்சக்கரமோ விட்டுப்போனால் கதவு முழு வேகத்தில் இறங்கும். ஆகவே அந்த வகைக்கு மறுபக்கத்தில் விழுதடுப்பு பிரேக் கட்டாயம். கொட்டேஷனில் அந்தச் சொல் இல்லாவிட்டால் கேட்டு எழுத வையுங்கள்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். கையால் விடுவிக்கும் கயிறு, கைச்சங்கிலி, கைப்பிடி என்று மோட்டருக்கேற்ப ஏதோ ஒன்று இருக்கும். பூட்டிய அன்றே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டில் எல்லோரும் ஒரு தடவை அதைச் செய்து பாருங்கள். கராஜுக்கு வேறு வாசல் இல்லையென்றால் வெளியிலிருந்து விடுவிக்கும் பூட்டும் வேண்டும்.

மின்னிணைப்பு தனி பிரேக்கரில், எர்த்தோடு, வேலை செய்யும் ட்ரிப் சுவிட்சுக்குப் பின்னால் வர வேண்டும். என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் உள்ள மின்தொழிலாளரைக் கூப்பிடுங்கள். மழை நீர் இறங்கும் சுவரில் நீட்டிப்பு வயர் தொங்கும் கராஜுகளைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அப்படியானால் ஒளிக்கண் இல்லாத மோட்டரை வாங்காதீர்கள். தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் போகாத உயரத்தில் இரு பக்கமும் பொருத்துவது. இடையில் எது வந்தாலும் இறங்கும் கதவு நின்று திரும்ப வேண்டும். பிள்ளைகள் சிக்கி இறந்த பிறகு, 1993 முதல் அமெரிக்காவில் வீட்டுக் கதவு மோட்டர்களுக்கு இத்தகைய பாதுகாப்பைச் சட்டம் கட்டாயமாக்கியது. இங்கே மலிவாக வரும் மோட்டர்களில் அது தனிச் சாமான், கேட்டால்தான் தருவார்கள்.

சோதனை எளிது. கதவு இறங்கும்போது ஒரு தும்புத்தடியை நீட்டுங்கள், கதவு திரும்ப வேண்டும். பிறகு ஒன்றரை அங்குலத் தடிப்பில் பலகை ஒன்றைத் தரையில் கிடையாக வையுங்கள். கதவு அதைத் தொட்டதும் நசுக்காமல் மேலே போக வேண்டும். மாதம் ஒருமுறை செய்யுங்கள். ரிமோட்டைப் பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் தொங்க விடாதீர்கள்.

புயல் வந்தால் ரோலர் கதவு நிற்குமா?

1964 டிசம்பர் புயலை மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரை கடந்ததை நாமே பார்த்தோம். மணிக்கு 90 கிலோமீற்றர் காற்று 10க்கு 8 அடிக் கதவில் நேராக அடித்தால் ஏறக்குறைய 280 கிலோ எடையளவு தள்ளும். தகடு உடைவதற்கு முன் அதன் ஓரம் சனலை விட்டு வெளியே வருவதுதான் வழக்கம். ஆழமான சனலும், பட்டிகளின் முனையில் காற்றுக் கொழுவியும் கேளுங்கள். அகலமான கதவுக்கு அது வீண் செலவல்ல.

கதவு போனால் பாதிப்பு அதோடு நிற்காது. உள்ளே புகும் காற்று கீழிருந்து கூரையைத் தூக்கும். கராஜுக்கு மேல் சீற் போட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எச்சரிக்கை வந்ததும் கதவை முழுதாக இறக்கி, இரு பக்கத் தாழ்ப்பாளும் போடுங்கள். பாதி திறந்து வைப்பதுதான் மிக மோசம்.

எல்லாம் சரி. நானே செய்தால் எவ்வளவு மிச்சம்?

இங்கே கதவைச் சதுர அடிக்கு விலை பேசுவார்கள், பொருத்தும் கூலி பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். பூட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் குறையும் தொகை நீங்கள் நினைப்பதைவிடச் சிறிதாக இருக்கும். அதோடு பூட்டியதற்கான உத்தரவாதமும் போய்விடும். இரண்டு விலையையும் தனித்தனியாகக் கேட்டு, வித்தியாசத்தைப் பார்த்து முடிவெடுங்கள். மேசன் வேலை, பழைய கதவை ஏற்றி விடுதல், சுவருக்குப் பெயின்ற் ஆகியவற்றை நீங்கள் எடுத்துக்கொண்டால் மிச்சமும் வரும், ஆபத்தும் இராது.

கொழும்புக் கம்பனியா, உள்ளூர் ஆளா?

கொழும்பு இங்கிருந்து ஏறக்குறைய 260 கிலோமீற்றர். கதவு கொண்டுவந்து பூட்டும் நாளில் அந்தத் தூரம் தெரியாது. ஒரு ரிமோட் வேலை செய்யாமல் போனாலோ சங்கிலி இறங்கிவிட்டாலோதான் தெரியும். பொருள் எங்கிருந்து வந்தாலும், பழுது பார்க்க ஊருக்குள் அல்லது கிண்ணியா, கந்தளாய்த் தூரத்தில் ஓர் ஆள் இருப்பது எனக்கு முதல் தகுதி. அவர் இரண்டு மூன்று வருடத்துக்கு முன் பூட்டிய கதவொன்றைக் காட்டச் சொல்லி, அந்த வீட்டாரிடம் பேசுங்கள். புதிதாகப் பூட்டிய கதவு எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

கொட்டேஷனில் என்ன எழுதியிருக்க வேண்டும்?

தகட்டின் உலோகம், தடிப்பு, பூச்சு. அளவு, அதில் மேலே சுருளும் பகுதியையும் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறார்களா என்பது. போல்ட்டின் தரம். மோட்டர் என்றால் எத்தனை கிலோவுக்கு, எந்த வகை, பிரேக்கும் ஒளிக்கண்ணும் உண்டா. சாரம், பழைய கதவு கழற்றுதல், மின்னிணைப்பு யார் பொறுப்பு. உத்தரவாதம் பொருளுக்கா, வேலைக்குமா, எத்தனை மாதம். கடைசிப் பங்கு பணத்தைக் கதவு பத்துத் தடவை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகு கொடுங்கள். இதை ஆரம்பத்திலேயே மரியாதையாகப் பேசிக்கொண்டால் எவரும் மனம் கோணமாட்டார்கள்.

பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள். தரமில்லாத பொருளைத் தந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காவிட்டால் நுகர்வோர் விவகார அதிகாரசபையிடம் போகலாம், தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி எழுத்தில் முறையிட வேண்டும், மூன்று மாதத்துக்குள். சீட்டில்லாமல் போனால் பேச்சுக்குப் பேச்சாகவே முடியும்.

எந்த மாதத்தில் செய்வது நல்லது?

மாசி, பங்குனி. ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வாடை மழை. திறந்த கராஜும் ஈரச் சுவரும் சரிவராது. சித்திரைப் புத்தாண்டு நெருங்கினால் எல்லா வீட்டிலும் பெயின்ற் வேலை, ஆள் கிடைக்காது. கச்சான் காற்று உக்கிரமான நாட்களில் பெரிய தகட்டைத் தூக்கிப் பிடிப்பது ஆபத்து, அப்படி நேர்ந்தால் காலை வேளையில் முடித்துவிடச் சொல்லுங்கள்.

அனுமதி எடுக்க வேண்டுமா?

இருக்கும் திறப்பில் கதவை மட்டும் மாற்றினால் பொதுவாகச் சிக்கல் வராது. பீமை வெட்டி அகலமாக்குவது, வீதிப் பக்கம் நீட்டுவது என்றால் முதலில் உங்கள் உள்ளூராட்சிச் சபையில் கேளுங்கள்.

பூட்டிய பிறகு என்ன பராமரிப்பு?

நல்ல தண்ணீர். மாதம் ஒரு தடவை கதவின் இரு பக்கமும் கழுவுங்கள், குறிப்பாக மழை படாத உட்பக்கத்தையும் மேல் பகுதியையும். வெளிப்பக்கத்து உப்பை மழை கழுவிவிடும். மறைவில் படிந்தது அங்கேயே இருந்து அரிக்கும். மோட்டர்ப் பெட்டியில் தண்ணீர் அடிக்காதீர்கள். சனலுக்குள் கிறீஸ் பூச வேண்டாம், மணல் ஒட்டிப் பசையாகி இறுகும். சனலைத் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு சிலிக்கோன் தெளிப்பு போதும். கிறீஸ் சங்கிலிக்கும் பெயரிங்குக்கும் உரியது.

வருடத்துக்கு ஒரு தடவை கதவைப் பாதி உயரத்தில் கையால் விட்டுப் பாருங்கள், ஸ்பிரிங் உள்ள மோட்டர்க் கதவென்றால் மோட்டரை விடுவித்துவிட்டு. அங்கேயே நின்றால் ஸ்பிரிங் சரி. வேகமாக இறங்கினாலோ மேலே துள்ளினாலோ ஆளைக் கூப்பிடுங்கள். ஸ்பிரிங் இல்லாத பக்க மோட்டரில் இந்தச் சோதனை செய்யவே கூடாது.

பழைய கதவை என்ன செய்வது?

பழைய இரும்பு வாங்குபவர் நிறுத்து எடுத்துக்கொள்வார், அலுமினியம் என்றால் விலை நன்றாகவே கிடைக்கும். கொடுப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டு உறுதி செய்யுங்கள்: உருளைக்குள் இருக்கும் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கழற்றியவர் முழுதாக விட்டாரா என்று. விடாமல் கயிறு கட்டியபடியே இறக்கி வைத்திருந்தால், அந்தக் கயிற்றை அறுக்கப் போகிறவர் ஒன்றும் அறியாத ஒருவர். ஆள் நிற்கும்போதே இறுக்கத்தை விடச் சொல்லி, பிறகு ஏற்றி அனுப்புங்கள்.